கழுத்துக்கறி

அன்று அந்தக் கூடாரத்தில் இருந்தவர்கள்: பெண்ணின் தகப்பன் துக்தாய், அவன் மகன்கள் இருவர், பெண் எலீஷ்வா. எங்கள் பக்கம் என் தந்தை ஷமூன், மாப்பிள்ளையான நான்.

வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்ட எவனும் அங்கே இல்லை.

இரு வீடும் புல்வெளியில் ஆடு மேய்க்கும் கெரைத் குடிகள்தான். இரு வீட்டு வாசலிலும் ஒரே சிலுவைதான் தொங்கியது. ஆனாலும் ஓர்கோன் ஆற்றங்கரை மேய்ச்சலுக்காக இரு பக்கமும் ஆட்கள் செத்திருந்தார்கள். இந்தக் கல்யாணத்தோடு அந்தப் பகை முடிய வேண்டும்.

வில்லையும் கத்தியையும் வழக்கப்படி வெளியே குதிரைகளோடு விட்டுவிட்டு உள்ளே போனோம்.

அவித்த ஆட்டுக்கறி ஆவி பறக்க வந்தது. தட்டின் ஒரு ஓரம் கொழுத்த வால். நடுவே கழுத்துக்கறி. நிச்சயத்துக்கு அதைத்தான் சாப்பிட வேண்டும். லேசில் பிய்யாத சதை. உறவும் அப்படி இருக்கட்டும் என்று.

என் தந்தை கை நீட்டவில்லை.

"பெருநோன்பு இன்னும் முடியலயே, சம்பந்தி."

தானியம் விளையாத எங்கள் மண்ணில் நோன்பென்றால், கறியை விட்டுப் பாலும் தயிர்க்கட்டியுமாக நாளை ஓட்டுவது.

"உங்க சாமியாரு முடிச்சை அவுக்க மறந்து தூங்கிட்டாரா?" துக்தாய் சிரித்தான். "இங்க உயிர்ப்புத் திருநாளே நேத்து முடிஞ்சுபோச்சு."

அப்படி நடப்பதுண்டு. குருமார் நோன்பு நாட்களைக் கயிற்றில் முடிச்சாகப் போட்டு, நாளுக்கொன்றாக அவிழ்ப்பார்கள். பனிப்புயலில் கணக்குத் தப்பிவிடும். ஒரு கூட்டம் பாடி ஆடிக்கொண்டிருக்கும்போது அடுத்த கூட்டம் பட்டினி கிடக்கும்.

அதனால் அவன் சொன்னது மெய்யாகவும் இருக்கலாம்.

ஆனால் கறியை வெட்டி வைத்த துக்தாய், விரலில் வழிந்த கொழுப்பை நக்கவில்லை. விரிப்பில் துடைத்தான். கொழுப்பை வீணாக்கும் ஆளை எங்கள் புல்வெளியில் நான் பார்த்ததில்லை.

மகன்கள் எங்களைக் கண்டு எழவும் இல்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த கம்பளிக் குவியல் வழக்கத்தைவிட உயரமாக இருந்தது.

தொடாமல் எழுந்தால் பெண்ணை வேண்டாமென்றதாகிவிடும். பகை அந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும். தொட்டால், நாங்கள் குனிந்து மென்றுகொண்டிருக்கும்போது எங்கள் கழுத்து யார் கைக்கும் எட்டும்.

"மொத வாய் நீங்க வைங்க, சம்பந்தி," என்றார் தந்தை.

"பொண்ணு குடுக்கிறவன் முந்திக்கிட்டுத் திங்கிறதா? நல்ல வழக்கம்! மாப்பிள்ளைக்குப் பல்லு இருக்கா இல்லையான்னு நாங்க பாக்க வேணாமா?"

மகன்கள் சிரித்தார்கள். கைகள் கம்பளிக்கு அடியிலேயே இருந்தன.

அடுப்பருகே இருந்த எலீஷ்வா எழுந்து வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. யாரையும் கேட்காமல் தட்டிலிருந்து கழுத்துக்கறியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"துப்புடி, பாவி! நோன்பு நாள்ல..."

கத்திய பிறகுதான் துக்தாய்க்குத் தான் சொன்னது காதில் விழுந்தது.

யாரும் அசையவில்லை. மகன்கள் தகப்பனைப் பார்த்தார்கள். தகப்பன் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். விருந்தாளியைக் கொல்லத் துணிந்தவனால், மகள் நோன்பு முறித்ததைத் தாங்க முடியவில்லை.

என் தந்தை எழுந்தார்.

"கழுத்துக்கறி சாப்பிட்டாச்சு. இனி இது எங்க வீட்டுப் பொண்ணு."

விருந்தாளிக்குரிய மரியாதை மாறாமல், வாசல் கட்டையை மிதிக்காமல் தாண்டி வெளியேறினார். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் வந்தாள். குதிரையில் என் பின்னால் உட்கார்ந்த பிறகும் அதை மென்றுகொண்டுதான் இருந்தாள்.

ஏன் தின்றாய் என்று எங்கள் குரு கேட்டார். "பசிச்சுது, சாமி," என்றாள்.

துக்தாய் வலை விரித்தானா என்று கேட்டவர்களுக்கும் அதே பதில்தான். அதற்குமேல் அவள் பேசவில்லை. எங்களையும் பேச விடவில்லை. உயிர்ப்புத் திருநாளன்று எல்லோரும் நற்கருணை அப்பமும் பாலும் வாங்கக் கோயில் கூடாரத்துக்குள் போக, புது மருமகள் தண்டனையாக வெளியே பனியில் நின்றாள்.

துக்தாய் கெட்ட பெயர் இல்லாமல் செத்தான். எங்கள் வீட்டுக்காரிக்குத்தான் பெயர் வந்தது: நோன்பில் கறி தின்றவள். பிள்ளை பெற்று, பேரன் கண்ட பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

போன குளிர்காலத்தில் அவளை அடக்கம் செய்தோம். குழியருகிலேயே ஒருவன் சொன்னான், பசி தாங்காத பெண்ணால் ஷமூன் வீட்டுக்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்று. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவளும் இல்லை, அவள் தகப்பனும் இல்லை. இனி நான் சொல்லலாம்.

பசித்தவள் கை போவது கொழுத்த வாலுக்கு. அது அவள் பக்கமாகத்தான் இருந்தது. நாங்கள் வெளியேறும்போதும் தொடப்படாமல் அப்படியே இருந்தது.

அன்று அவள் தின்றது பசிக்காக இல்லை.