டோரிக்காவின் மத்தியானத் தூக்கம்

"படிக்க வந்த பிள்ளைங்க முழிச்சுக்கிட்டிருக்கு, பார்த்துக்க வந்த ஆளு தூங்குது. இது நல்லாவா இருக்கு சார்?"

யான்கோ டீச்சர் இப்படிக் கேட்டபோது ஹெட்மாஸ்டர் சிபெட்டாவின் வாயில் அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. நிதானமாக விழுங்கிவிட்டு, தினமுமா என்றார்.

தினமும்தான் என்றாள். பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டி முடித்ததும் டோரிக்கா பாயை விரிப்பாள். படுத்த மறுநிமிடம் குறட்டை. சாப்பாட்டு இடைவேளையில் ஜன்னல் பக்கமாகப் போகும்போது யான்கோ தன் கண்ணாலேயே நாலு தடவை பார்த்துவிட்டாள்.

யான்கோ தலைநகரில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஆசிரியப் படிப்பு முடித்து, ஏரிக்கரையிலுள்ள இந்தப் பள்ளிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வகுப்பில் பதினோரு பிள்ளைகள். உதவிக்கு டோரிக்கா, ஐம்பதைத் தொடுகிறவள். கழுவிவிடுவது, ஊட்டுவது, ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து வருவது எல்லாம் அவள்தான். அதிலெல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த அரைமணி நேரத் தூக்கத்தைத்தான் யான்கோவால் பொறுக்க முடியவில்லை.

அதுவும் லுசுங்கு மாதிரி ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு.

லுசுங்குவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. யாராவது முகத்தைப் பார்த்தால் போதும், மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்த ஊரில் பெரியவர்களை நேருக்கு நேர் பார்க்கிற பிள்ளைக்கு உதைதான் கிடைக்கும். யான்கோ படித்த படிப்போ கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கு என்றது. தினமும் காலையில் அவள் மோவாயை நிமிர்த்திப் பிடித்து, டீச்சரைப் பாரு, பாரும்மா என்று யான்கோ கெஞ்சுவாள். லுசுங்கு கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

வியாழக்கிழமை தானே வந்து பார்ப்பதாக ஹெட்மாஸ்டர் சொன்னார். உண்மையென்றால் அடுத்த பருவத்துக்கு வேறு ஆள்.

வியாழக்கிழமை காலை யான்கோவுக்கு மனசு கேட்கவில்லை. டோரிக்கா வீட்டு அடுப்பு எரிவதே இந்த வேலையால்தான். அடிகுழாயில் பிள்ளைகளின் கஞ்சிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றாள்.

"டோரிக்காம்மா, இன்னைக்கு ஹெட்மாஸ்டர் பார்க்க வர்றாரு. வேலையே போயிடும். இன்னைக்கு ஒரு நாளாவது தூங்காம இருங்க."

டோரிக்கா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"சொன்னதுக்கு நல்லா இருப்பீங்க டீச்சர். ஆனா அந்த நேரத்துக்குக் கண்ணு தானா சொக்கிடுதே."

என்ன ஜென்மமோ என்று யான்கோவுக்கு எரிச்சலாக வந்தது.

மத்தியானம் ஹெட்மாஸ்டரும் யான்கோவும் ஜன்னலோரம் வந்து நின்றார்கள். ஏரிக்காற்று ஜன்னல் துணியை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் விளையாடிக்கொண்டிருந்தது. தகரக் கூரை வெயிலில் முனகியது. கஞ்சி குடித்த பிள்ளைகள் அங்கங்கே சுருண்டு கிடந்தார்கள். நடுவில் பாய். பாயில் டோரிக்கா. குறட்டை வெளியே வரைக்கும் கேட்டது.

"போதும், பார்த்துட்டேன்" என்று ஹெட்மாஸ்டர் கதவுப் பக்கம் திரும்பினார்.

அப்போது மேஜைக்கடியிலிருந்து லுசுங்கு வெளியே வந்தாள். டோரிக்காவின் முகத்துக்கு மேலே குனிந்து, மூடிய இமைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். திருப்தியானதும் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நேத்து ராத்திரி ஏரி எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. போன்னு சொன்னேன், போயிடுச்சு. ஒரு மீனு மட்டும் போகல. கட்டிலுக்குக் கீழ பாடிக்கிட்டே இருந்துச்சு."

யான்கோ கை நீட்டி ஹெட்மாஸ்டரை நிறுத்தினாள். மூன்று மாதமாக அவள் தவமிருந்த குரல் அது.

லுசுங்கு பேசும்போது டோரிக்காவின் குறட்டை மெல்லத் தாழ்ந்தது. அவள் நிறுத்தினால் ஏறியது. அந்தச் சத்தம் ஏறியதும் தைரியம் வந்து, லுசுங்கு விட்ட இடத்திலிருந்து மீனின் கதையைத் தொடர்ந்தாள். தூங்குகிற யாருக்கும் அப்படிக் குறட்டை விடத் தெரியாது.

டோரிக்கா இதை யாரிடமாவது சொல்லியிருந்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள் யான்கோ. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உடனே புரிந்தது. தானே முதல் ஆளாக நோட்டும் பேனாவுமாக எதிரில் வந்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்திருப்பாள். அவமானத்தில் காது சூடேறியது.

"சார், நான் சொன்னதை மறந்துடுங்க" என்றாள் ரகசியமாக.

"எதைம்மா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே" என்று சொல்லவந்த ஹெட்மாஸ்டர் பாதியிலேயே சத்தமாகச் செருமிவிட்டார்.

லுசுங்கு சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

யான்கோ யோசிக்கவே இல்லை. நின்ற இடத்திலேயே கண்களை இறுக மூடிக்கொண்டாள். மூன்று மாதத்தில் முதல் முறையாக அந்தப் பெண்ணை அவள் பார்க்காமல் இருந்தாள். பக்கத்தில் ஹெட்மாஸ்டரும் மூடிக்கொண்டாரா என்று தெரியவில்லை; தூங்குகிறவர் மாதிரி வந்த மூச்சைக் கேட்டால் மூடிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

உள்ளே குறட்டை விடாமல் கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு சின்னப் பாதங்கள் ஜன்னலை நோக்கி நடந்து வந்தன. யான்கோவின் இமைகளில் ஒரு விரல் பட்டது.

"டீச்சர், நின்னுக்கிட்டே தூங்கினா விழுந்துடுவீங்க. உள்ள வந்து படுத்துக்கோங்க."