மூன்று பத்துக்கு அலாரம்

"இன்னைக்கும் அலாரம் அடிச்சா, உங்க கம்பெனிய மாத்திடுவேன் மாதவி!"

விஜயன் கத்தினார். மலேசியாவின் போர்ட் கிள்ளானில் மீன் குளிர்கிடங்கு மேனேஜர். மாதவி, அங்கே சென்சார் பொருத்திய கம்பெனியின் இன்ஜினியர். உறைபனி அறையில் அமோனியா கசிந்தால் எச்சரிக்கும் சென்சார், ஒரு வாரமாகச் சொல்லிவைத்தாற்போலப் பிற்பகல் மூன்று பத்துக்கு அலறுகிறது. ஆட்கள் வெளியே ஓடுவார்கள். தேடினால் கசிவே இருக்காது.

"மூணு மணிக்குப் பெரிய கம்ப்ரஸர் ஓடுது பாஸ். அது கிளப்புற மின் இரைச்சலா, நாய்ஸா இருக்கலாம். சாஃப்ட்வேர்ல ஃபில்டரைக் கூட்டியிருக்கேன். சட்டுனு குதிக்கிறதை அமுக்கிடும். நிஜக் கசிவுன்னா அலாரம் கண்டிப்பா அடிக்கும்."

"யாராச்சும் வேணும்னே செய்யறாங்கன்னா, இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்லா."

மணி மூன்று. கம்ப்ரஸர் உறுமியது. மாதவியின் லேப்டாப்பில் சென்சார் அளவைக் காட்டும் கோடு ஆடாமல் நேராக ஓடியது. அப்பாடா!

மூன்று பத்து. கோடு மெல்ல ஏறியது. இறங்கவே இல்லை.

இது நாய்ஸ் இல்லை!

அலாரம் அலறியது. எல்லோரும் வெளியே ஓட, மாதவி முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சென்சாருக்குக் கீழே, மீன் பெட்டிமேல் சூப்பர்வைசர் மாரியாயி நின்றிருந்தாள். கையில் ஈரத்துணி. காலடியில் கண்ணாடி துடைக்கும் மருந்து. அதிலும் அமோனியா உண்டு.

மாதவி முகமூடியைக் கழற்றினாள்.

"அக்கா, என்ன இது? நாளைக்கு நிஜமாவே கசிஞ்சா, இதுவும் பொய்னு எல்லாரும் உள்ளயே நிப்பாங்க. செத்துடுவாங்க!"

மாரியாயி இறங்கினாள். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஆறு வரைக்கும் பிரேக் இல்ல. கேட்டா, லோரி காத்திருக்குங்கறாரு மேனேஜர். நீயே பாரு."

வெளியே வெயிலில் பெண்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி விரலைக் கடித்துப் பார்த்தாள். வலிக்கவில்லை போலிருக்கிறது. மறுபடி கடித்தாள்.

"சொல்லிடு. என் வேலை போனா போகுது."

"இனிமே இதைத் தொடாதீங்கக்கா." மாதவி துணியைப் பிடுங்கித் தன் பைக்குள் திணித்தாள்.

விஜயன் வாசலில் வந்து நின்றார். "கேஸ் கசிவா?"

"இல்ல பாஸ்."

"அப்ப யாரு?"

மாரியாயி தலை குனிந்தாள்.

"சென்சார்தான் பாஸ். ஃபில்டர் மட்டும் பத்தாது. தினமும் மூணு பத்துக்கு, பத்து நிமிஷம் செக் பண்ணணும். அப்ப உள்ள ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. ரிப்போர்ட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"எத்தனை நாளைக்குலா?"

"உள்ள மனுஷங்க வேலை செய்யற வரைக்கும் பாஸ்."