காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம்

“இன்னும் கொஞ்சம் கடுமையா எழுதுங்கண்ணா,” என்றாள்.

வீட்டுக்காரர் சென்னியப்பன் பேனாவின் மூடியைத் திறந்தார். மூடினார்.

“மனசு வர மாட்டீங்குது அம்மணி.”

ஐந்து வருடமாக அவளும் மகளும் அவருடைய லைன் வீட்டில் நான்காம் நம்பர். பனியன் கம்பெனி மூடி மூன்று மாதம். மூன்று மாதமும் அவர் வாடகை கேட்டு அவள் வாசலுக்கு வரவில்லை.

அவளாகத்தான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னவர்களுக்குத்தான் அரசின் அவசர வாடகை உதவி. சொன்னதற்குக் கடிதம் வேண்டும். பணம் நேராக அவர் கணக்குக்கே வந்துவிடும்.

போன வாரம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ‘தங்களால் முடிந்தபோது வாடகையைத் தந்தால் உதவியாக இருக்கும்.’

தாலுகா ஆபீஸில் அதை வாங்கிப் படித்த பெண் பக்கத்து மேஜைக்கும் படித்துக் காட்டினாள்.

“இது காலி பண்ணச் சொல்ற லெட்டரா, கல்யாணப் பத்திரிகையா?”

இரண்டு மேஜையும் சிரித்தன.

கடைசி நாள் இன்று. ஐந்து மணி வரை வாங்குவார்கள். இப்போது மூன்று பத்து.

“ஏழு நாளைக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும்னு போடுங்க.”

“ஏழு நாள்ல நீ எங்க போவே?”

“போக மாட்டேனுங்கண்ணா. சும்மா போடுங்க.”

எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக.

“வேற காரணமும் ஒண்ணு ரெண்டு வேணும்னாங்க. தண்ணிய வீணாக்கறாங்கன்னு போடுங்க.”

“நீ எங்க வீணாக்கறே?”

“இருக்கட்டுங்க.”

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். தன்மேல் தானே பழி சொல்வது இத்தனை சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

அவர் மனைவி துளசிமணி டீ கொண்டுவந்தாள். கணவருக்கு ஒரு தம்ளர். அவளுக்கு ஒன்று. பிறகு கணவரின் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

“தண்ணின்னு மொட்டையாப் போட்டா யாரு நம்புவாங்க? காலைல நாலு மணிக்கே பைப்பைத் தொறந்து விட்டுக்கறாங்கன்னு போடுங்க.”

நல்ல வரி. கடிதத்துக்கு ஏற்ற வரி.

“அப்படியே போடுங்கண்ணா,” என்றாள்.

அது உண்மையும்கூட. கம்பெனி இருந்தபோது அவள் நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். குடத்தின் வாயில் துணியைக் கட்டித்தான் பிடிப்பாள். சத்தம் இவர்கள் இருக்கும் மாடிவரை போகாது என்று நினைத்திருந்தாள்.

“கருவாடு,” என்றாள் துளசிமணி.

அவர் நிமிர்ந்தார்.

“சனிக்கிழமையானா வறுக்கறது. புரட்டாசி மாசம்கூட. அஞ்சு வருசமா ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்துக்கறேன். போடுங்க.”

சனிக்கிழமை அல்ல, ஞாயிற்றுக்கிழமை. அதுவும் புரட்டாசியில் வறுத்தது ஒரே ஒரு தடவை, மகளுக்குக் காய்ச்சல் விட்டு நாக்கு செத்துக் கிடந்தபோது. திருத்தலாமா என்று பார்த்தாள்.

கடுமையாக வேண்டும் என்று கேட்டது அவள்தான்.

டீயைக் குடித்தாள்.

அவர் எழுதினார். அடுத்த வரி என்ன என்று அவளைக் கேட்கவில்லை. மனைவியையும் கேட்கவில்லை. பேனா நிற்காமல் போயிற்று. அவர் கையெழுத்து இத்தனை வேகமானது என்று அவளுக்குத் தெரியாது.

மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் படித்தாள். வார்த்தை வார்த்தையாகத்தான் பிடிபட்டது.

சுவரில் ஆணி.

மகள். போன். சிரிப்பு.

மூன்று மாதமாக எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது.

அதை அவர் பார்த்திருக்கிறார். வெட்கத்தில் திருப்பிக்கொண்டது என்று சொல்ல இப்போது நேரமில்லை.

அடுத்த வரிக்கு அவள் எழுந்து நின்றாள்.

‘அந்நிய ஆண்கள் வந்து தங்குகிறார்கள்.’

“அண்ணா, அது எந்தம்பிங்க. மாசம் ஒருக்கா அரிசி கொண்டுட்டு வருவான்.”

அவர் தலையைத் தூக்கவில்லை.

“தம்பின்னு நீ சொல்றே.”

துளசிமணி தரையைப் பார்த்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்று நாற்பது. ஆபீஸுக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். பஸ் வரக் கால் மணி நேரம்.

போதும் என்று சொல்லலாம். சொன்னால் அவர் பேனாவை வைத்துவிடுவார். தாளைக் கிழித்தாலும் கிழிப்பார். நாளைக்கு இந்த உதவி இல்லை. நாளைக்கு அந்தக் கவுன்டரே இல்லை.

கடிதம் நன்றாக வந்திருந்தது. இதைப் படித்து எந்த மேஜையும் சிரிக்காது.

வரிகள் தாளின் அடி ஓரத்தைத் தொட்டன. அவர் ஓரத்திலும் சாய்த்து ஒரு வரி எழுதினார்.

“கையெழுத்துப் போட எடமில்லீங்கண்ணா,” என்றாள்.

“இன்னும் முடியலை.”

கையை மட்டும் நீட்டினார். துளசிமணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எதிரில் நின்ற அவள் தன் பையிலிருந்து இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்தாள். அது நடுவில் மடங்கியிருந்தது. மேஜைமேல் வைத்து, மடிப்பை இரண்டு தடவை நீவி, அவர் பக்கம் தள்ளினாள்.