ஊக்கு குத்திய திரை

"இஷ்டப்பட்டுத்தான் இந்த லாரியில ஏறுனியா?" என்று டீசல் போடும் பெண் ஒருத்தி யூலியனிடம் ஒருமுறை கேட்டாள். யூலியன் அன்று சிரித்தாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த மெத்தையைக் காட்டி, "இதுல படுத்துப் பாருங்க, அப்புறம் கேட்க மாட்டீங்க" என்றாள்.

அது பொய்யில்லை. லாரி குலுங்கக் குலுங்க அங்கே வரும் தூக்கம் அவளுக்கு வேறெங்கும் வந்ததில்லை.

இப்போதும் அதே மெத்தைதான். ஆனால் முன்னால் கனத்த திரை தொங்கியது. அதன் ஓரங்களை ஃபாங் ஊக்கு குத்தி மூடியிருந்தாள்.

ஃபாங், லாரி ஓட்டும் குவோசெங்கைப் பெற்றவள். மகனுக்குப் பக்கத்து இருக்கையில், துணி மூடிய கூடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யூலியனின் கைப்பேசியும் அவள் பைக்குள்தான் இருந்தது.

வெளியே கோடை வெயில் கொளுத்தியது. யூலியனின் தலையில் கம்பளிக் குல்லா, காலில் தடித்த காலுறை, மேலே போர்வை. தன் தலைமுடியின் வாடை அவளுக்கே பொறுக்கவில்லை.

"அம்மா, கொஞ்ச நேரம் கீழ இறங்கி நிக்கிறேன். எங்கேயும் ஓடிட மாட்டேன்."

"மாசம் முடியட்டும். அதுவரைக்கும் உன் கால் தரையில படக்கூடாது."

குவோசெங் நைசாக ஏசி பொத்தானை நோக்கிக் கையை நீட்டினான். ஃபாங் பட்டென்று தட்டிவிட்டாள்.

"எனக்காவது போட்டுக்கறேனேம்மா. வெந்து போயிட்டேன்."

"வேணும்னா மீன் லாரியில போய் ஐஸ் மேல உட்காரு. உன்னால அவளுக்குச் சாப்பாடு ஆறிப்போகுது பாரு."

திரையின் இடுக்கு வழியாக ஒரு கிண்ணம் உள்ளே வந்தது. இஞ்சி வாடை அடித்தது. யூலியன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு வேணாம்."

"சாப்பிட்டாத்தான் கிண்ணம் திரும்பி வரும். இல்லேன்னா அதுவும் உன்கூடவே கிடக்கட்டும். எனக்கென்ன, ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்."

யூலியனுக்கு மூச்சு முட்டியது. இன்னும் எத்தனை மலை, எத்தனை சுரங்கப்பாதை. ஒரே ஒருமுறை இறங்கி, ஒரு வாய் வெளிக்காற்றைக் குடித்தால் போதும். இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது லாரி வேகம் குறைந்து நின்றது. தலைமாட்டில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சுங்கச்சாவடி. போலீஸ்காரி ஒருத்தி லாரிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தாள். குவோசெங் உரிமத்தை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

யூலியன் கண்ணாடியின் ஓரத்தில் ஃபாங் ஒட்டியிருந்த டேப்பைச் சத்தமில்லாமல் உரித்தாள். கண்ணாடியைத் தள்ளி, வாயை இடுக்கில் வைத்தாள்.

"அக்கா, என்னை இறக்கி விடுங்க."

போலீஸ்காரி சட்டென்று நிமிர்ந்தாள்.

"மேல யாரு?"

"முலாம்பழ லோடுதான் மேடம்," என்றான் குவோசெங்.

"முலாம்பழம் பேசுதா?"

"அது... எங்க வீட்டு ஆளு மேடம்."

"வீட்டு ஆளை எதுக்கு மூடி வச்சிருக்கே? நகரு." அவள் படியில் கால் வைத்து ஏறினாள்.

"திரையைத் திறக்காதேம்மா, சொல்றதைக் கேளு," என்று ஃபாங் குறுக்கே கையை நீட்டினாள்.

"பெரியம்மா, கையை எடுங்க. இல்லேன்னா நீங்களும் இறங்க வேண்டியிருக்கும்."

இழுத்த இழுப்பில் ஊக்கு ஒன்று தெறித்து விழுந்தது. குல்லாவும் வேர்வையுமாக இருந்த யூலியனின் முகத்தைப் பார்த்ததும் போலீஸ்காரியின் குரல் தணிந்தது.

"பயப்படாதே தங்கச்சி. என்னைப் பார்த்துச் சொல்லு. இவங்கெல்லாம் உனக்கு யாரு?"

யூலியன் வாயைத் திறப்பதற்குள் ஃபாங்கின் மடியிலிருந்த கூடை வீறிட்டு அழுதது.

"அவர் என் புருஷன். இவங்க மாமியார். அழுறது என் பொண்ணு," என்றாள் யூலியன். "லோடு ஏத்தப் போன ஊர்லயே பிறந்துட்டா. இவங்க ரயில் ஏறி ஓடி வந்தாங்க. அன்னையிலேருந்து தலைக்குத் தண்ணி விடல, போனைப் பார்க்க விடல, காத்துகூடப் பட விடல. அக்கா, நீங்க படிச்சவங்க. அஞ்சு நிமிஷம் வெளிய நின்னா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

"பெத்து ஒரு மாசம்கூட ஆகாத பச்சை உடம்பு," என்றாள் ஃபாங், கூடையை ஆட்டிக்கொண்டே. "இப்ப காத்து புகுந்தா, பின்னாடி மூட்டு மூட்டா வலிக்கும். அதுக்குத்தான் இவ்வளவும். நான் என்ன இவளுக்கு எதிரியா?"

போலீஸ்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கை தானாகத் தன் மணிக்கட்டை, வலிக்கிற இடத்தைத் தொடுவதுபோலத் தடவியது. அந்த வெயிலிலும் அங்கே கம்பளிப் பட்டை ஒன்றை இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

பிறகு குனிந்தாள். யூலியன் திறந்து வைத்திருந்த கண்ணாடியை இழுத்துச் சாத்தி, டேப்பை அழுத்தி ஒட்டினாள். குல்லாவைக் காது மூட இறக்கிவிட்டாள். கீழே கிடந்த ஊக்கைத் தேடி எடுத்துத் திரையில் குத்தினாள். தடுப்பைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.