பளிங்கு குடித்த எண்ணெய்

விக்டர் மாலை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவன் அக்காவின் இடது கன்னத்தில் நல்லெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

அக்கா ரோசரி இறந்து நான்கு வருஷம். கன்னம் பளிங்கு.

"அய்யய்யோ, என்னங்க பண்றீங்க!"

கல்தச்சர் வீரமலை நிதானமாகத் திரும்பினார். ஸ்ரீரங்கத்தில் சாய்ந்துபோன மண்டபத் தூண்களை நிமிர்த்திய கை அவருடையது. இப்போது அதில் ஒரு பித்தளைக் கிண்ணம் இருந்தது.

"கல்லை உக்கார வெச்சா எண்ணெய் காட்டணும் தம்பி. பதறாதீங்க, பாதிதான் ஆயிருக்கு."

கருங்கல் என்றால் அது சரி. எண்ணெய் பட்டால் கறுத்து, மினுங்கி, வருஷத்துக்கு வருஷம் அழகு ஏறும். வீரமலை தொட்ட கல் எல்லாம் கருங்கல்தான்.

பளிங்கைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. காலையிலிருந்து விக்டர் சொல்லிக்கொண்டேதான் இருந்தான். பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் பளிங்குச் சிலைகளைப் பற்றி ஒரு மணி நேரம் படம் காட்டிப் பாடம் நடந்திருந்தது. அதில் அரை மணி நேரம் கரண்ட் இல்லை. மிச்ச அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு கிரேக்கத்து மலைகள், ரோமாபுரிச் சக்கரவர்த்திகள், ஷாஜகானின் துக்கம் எல்லாவற்றையும் இந்தக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

பீடத்துக்குச் சுண்ணாம்பு குழைத்தபடியே கேட்ட வீரமலை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்த ஊர்களில் எண்ணெய்க்கு என்ன செய்கிறார்கள்?

கலை தெரியாதவர் கேள்வி என்று விக்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பதிலும் அவனுக்குத் தெரியாது.

அத்தான் அருள்நாதன் ஒரு சிலுவையும் பெயரும் போதும் என்றுதான் சொன்னார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் மனிதர். இரும்பைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசமாட்டார். பளிங்குதான் வேண்டும், அதுவும் இத்தாலியில் செதுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது விக்டர். கல்யாணத்தன்று எடுத்த போட்டோ கப்பலேறிப் போனது. பதினாலு மாதம் கழித்து, வைக்கோலுக்கு நடுவே மார்பளவில் அக்கா கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கினாள்.

அத்தான் இன்னும் பார்க்கவில்லை. இன்றைக்குக் கல்லறைத் திருநாள். நாலு மணிக்குப் பங்குச் சாமியாரை அழைத்துக்கொண்டு சிலையை மந்திரிக்க வருகிறார். நாலு வருஷமாக வீட்டில் மாட்டி வைக்க மனசில்லாத முகத்தைப் பார்க்க வருகிறார்.

மணி மூன்றரை.

வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற வியாகுலம்மாள் கூச்சல் கேட்டு உள்ளே வந்தாள்.

"எண்ணெய் தேய்ச்சா சீயக்கா போட்டு அலசணும். இதுக்கா இந்தக் கூப்பாடு?"

வேறு யோசனை சொல்ல ஷாஜகான் இல்லை. வியாகுலம்மாள் வீட்டுச் சீயக்காய் வந்தது. குடத்தில் தண்ணீர் வந்தது. மூன்று பேரும் சேர்ந்து அக்காவுக்குத் தலைமுழுக்கு நடத்தினார்கள்.

எண்ணெய் போகவில்லை. சீயக்காயின் பழுப்பும் அதோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிட்டது.

விக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அப்போதுதான் மேகம் விலகி வெயில் விழுந்தது.

பெட்டியைத் திறந்ததிலிருந்து அவனுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. மூக்கு அக்காவின் மூக்குதான். தோடு போடும் துளைகூட இருந்த இடத்தில் இருந்தது. இருந்தும், யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாள் அக்கா மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வந்திருப்பதாகத்தான் பட்டது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பார்த்தான்.

வெள்ளைப் பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்பியது. எண்ணெய் ஊறிய பக்கம் அதை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டது. மாநிறக் கன்னத்துக்கு அடியில் ரத்தம் ஓடிற்று. காது மடலுக்குப் பின்னால் யாரோ விளக்கு வைத்தாற்போல் சிவந்தது. அக்கா எதையோ சொல்ல வந்தாள். பாதி வாயால்.

வியாகுலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். வீரமலை கிண்ணத்தோடு சேர்த்துக் கைகூப்பி இரண்டடி பின்னால் நகர்ந்தார். கல்லில் நாற்பது வருஷம் உழைத்தவர், ஒரு கல் மூச்சு விடும் என்று எதிர்பார்க்கவில்லை.

விக்டருக்குக் கிரேக்கம், ரோமாபுரி எல்லாம் மறந்துபோயின.

வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது.

அருள்நாதன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பின்னால் சாமியார், தீர்த்தச் செம்போடு.

அத்தான் இடப்பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, அந்த வெள்ளைக் கன்னத்தின் முன் நின்றார்.

திட்டுவார் என்று விக்டர் காத்திருந்தான். அவர் கோட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார்.

"மிச்ச எண்ணெய் இருக்குங்களா?"

வீரமலை கிண்ணத்தை நீட்டினார்.

அருள்நாதன் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, இரண்டு கையையும் சூடு வரத் தேய்த்தார். பின்பு வெள்ளைக் கன்னத்தில் வைத்தார். கட்டைவிரல் தாடையோரமாக வட்டம் போட்டு மேலே ஏறியது. காதுக்குப் பின்னால் போனது. கழுத்து நரம்பு இருக்கிற இடத்தில் இறங்கியது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

"தேய்ச்சுப் பழகின கையால்ல இருக்கு!" என்றார் வீரமலை.

"பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் படுக்கையில கெடந்தாங்க. வெளங்காம போனது இந்தப் பக்கந்தான். தெனமும் நான்தான் தேய்ச்சு விடுவேன்."

ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்த விக்டர் அந்த இரண்டு வருஷத்தில் அக்காவை வந்து பார்த்தது இரண்டு தடவை.

சாமியார் தீர்த்தச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.