ஒப்பிட எடுத்த தண்ணீர்

இறால் பண்ணைக் கழிவுநீரில் மருந்தைச் சிதைக்கும் துத்தநாக ஒட்சைட்டுத் தூளைக் கலந்து வெயிலில் வைத்தாள் ஆய்வாளர் தக்ஷாயினி. மாலையில் சோதித்தபோது, அதிலிருந்த அன்டிபயோட்டிக் மருந்து முழுவதும் அழிந்திருந்தது.

ஆனால் உதவியாளன் சிவதர்ஷனின் முகம் மாறியது. “அக்கா, ஒப்பிடுறதுக்கு நீங்க உங்கட வீட்டுக் குசினியில பாத்திரம் கழுவுற வாய்க்கால்ல எடுத்த தண்ணியிலயும் மருந்து கிடக்கு. காசநோய்க்குக் குடுக்கிற குளிசை.”

அவள் உடனே கணவன் உதயரூபனுக்கு அழைப்பெடுத்தாள்.

“இண்டைக்குக் குளிசை போட்டீங்களா?”

“ஓம், விடியவே போட்டுட்டன்.”

“எங்க போட்டீங்க?”

இருமல் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான்: “குடிச்சாத் தலை சுத்துது. தோணியில நிக்க ஏலாமக் கிடக்கு.”

அவள், குளிசை குடிப்பதால் நோய் இனித் தொற்றாதென்று நம்பி, மூன்று மாதமாக மகளை அவன் பக்கத்தில்தான் படுக்க வைக்கிறாள்.