அலமாரிக்குப் பின்னால்

வாரம் ஒருமுறை பிள்ளைகளோடு இருக்க வரும் நாயை ஒன்றாம் வகுப்பே மொய்த்திருந்தது. வாயே திறக்காத பிள்ளைகள்கூட அதன் காதில் பாடம் படித்துக்காட்டினார்கள். ஒருத்தி மட்டும் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள்.

“மூணு வாரமா இதே கதைதான். நாய்னா அவளுக்கு அவ்வளவு பயம்,” என்றார் டீச்சர், நாயை அழைத்து வந்த பெண்ணிடம்.

“பயப்படுற பிள்ளைங்களுக்காகத்தானே இதைப் பழக்கியிருக்கோம். கூப்பிட்டுப் பாருங்க.”

டீச்சர் அலமாரியருகே போய்க் குனிந்தார். “வா தங்கம். ஒரு தடவை தொட்டுப் பாரு. ஒண்ணும் பண்ணாது.”

“தெரியும் மிஸ்,” என்றாள் அவள், கிசுகிசுப்பாக.

“அப்புறம் எதுக்கு ஒளிஞ்சுக்கிற?”

“என்னைப் பார்த்தா அது வேலைய விட்டுட்டு ஓடி வந்துடும் மிஸ். குட்டியா இருந்தப்ப ஒரு வருஷம் எங்க வீட்லதான் வளர்ந்துச்சு. என் கட்டில்லதான் தூங்கும். அப்புறம் இந்த வேலைக்குப் பழக்கணும்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

டீச்சர் திரும்பிப் பார்த்தார். அழுமூஞ்சிப் பையன் ஒருவனின் மடியில் நாய் சமர்த்தாகத் தலை சாய்த்துப் படுத்திருந்தது. அதன் கண்கள் மட்டும் அலமாரியை விட்டு அசையவே இல்லை.